மஞ்சள் துணியில் பஸ் ஏறிய பம்ப்

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. மணிக்கட்டு ஒத்துழைக்காமல் நான் பட்டறையை விட்டு விலகிய அன்று, நம் மெக்கானிக் நண்பர்கள் ஒரு மண்டபம் பிடித்து என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சாப்பாடு ஏற்பாடே செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே இதை எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

டீசல் பம்ப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, வண்டி இழுக்கலன்னு டிரைவர் வாசல்ல நிக்கிறாரு. பம்ப்பைக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தி எறக்க நேரமாவும். வண்டியில இருக்கறபடியே டீசல் ஸ்குரூவை ஒரு திருப்பு திருப்பிட்டா என்னண்ணே?" திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு மாசி மகத்தன்று தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, இரண்டு ஊர்ச் சாமிகளுக்கும் தெரிந்தது.

மாசி மகம் என்றால் கடலூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுப்பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் லாரியிலும் டிராக்டரிலும் ஏறி, மேளதாளத்தோடு தேவனாம்பட்டினம் கடலுக்குக் குளிக்கப் போகும். ஒன்றன் பின் ஒன்றாக, நடக்கிற வேகத்தில். என் பட்டறை செம்மண்டலம் பக்கத்தில், அந்தப் பாதையிலேயே இருந்தது. அன்று கூட்டத்துக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஷட்டருக்கு அடியில் கரும்புகை நுழைந்து, தரையோடு தவழ்ந்து வந்து, என் டம்ளருக்குள் இறங்கியது.

குனிந்து பார்த்தேன். நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர் மாரியம்மன், பூ அலங்காரத்தில், ஒரு கரும்பு லாரி மேல் நின்றுகொண்டிருந்தாள். லாரியின் புகைக்குழாய் அடுப்பில் ஈர வைக்கோல் வைத்ததுபோலக் கக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வேறொரு ஊரின் பெருமாள். காலையில் வெள்ளைப் பட்டில் புறப்பட்டவர், செம்மண்டலம் வருவதற்குள் சாம்பல் பட்டுக்கு மாறியிருந்தார். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் அவருடைய சொந்த நிறம் இருந்தது.

"யோவ், உங்க அம்மன் குளிக்கப் போவுதா, இல்ல எங்க பெருமாளைக் குளிப்பாட்டப் போவுதா? வண்டியை நிறுத்துய்யா! இனிமே ஸ்டார்ட் பண்ணே, ரோட்டுலயே படுத்துடுவேன்!"

லாரி நின்றது. ஓட்டி வந்த செல்வம் கீழே குதித்தான். அவனை எனக்குத் தெரியும். சொந்த லாரி, அவனே டிரைவர். ஒரு காலத்தில் அவன் அப்பாவின் மாட்டு வண்டியில்தான் அந்த ஊர் அம்மன் கடலுக்குப் போவாள். அப்புறம் தண்டபாணி என்பவர் புது டிராக்டர் வாங்கினார். அம்மன் டிராக்டருக்கு மாறிவிட்டாள். செல்வம் வருடக்கணக்காக ஊரிடம் கெஞ்சி, அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் லாரியில் அம்மனை ஏற்றியிருந்தான். லாரிக்குப் பெயின்ட் அடித்து, மூக்கில் வேப்பிலை கட்டி, அவனே மாப்பிள்ளைபோல வந்திருந்தான்.

தண்டபாணியும் வந்திருந்தார். டிராக்டரோடு. சும்மா கூட வருகிறாராம். டிராக்டர் டிரெய்லரில் வாழைமரம் கட்டி, பூ சுற்றி, அம்மன் உட்காரும் அளவுக்கு மேடையும் போட்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல? கரும்பு லாரி கரும்புக்குத்தான் லாயக்கு. அம்மனை எறக்கி இதுல வைங்கப்பா" என்றார்.

பூசாரி ஒப்பவில்லை. "ஏத்துன அம்மனை கடல் தண்ணி படாம வேற வண்டி மாத்தக் கூடாது."

"சரி, குளிச்சப்புறம்?"

பூசாரி தலையைச் சொறிந்தார். "குளிச்சப்புறம் எதுல வேணா ஏறலாம்."

"கேட்டுக்குங்க! அம்மன் கரையேறும்போது லாரி புகையில்லாம ஓடுச்சுன்னா லாரி. இல்லன்னா நம்ம டிராக்டர். வர்ற வருஷமும் அதுவேதான்."

ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். செல்வம் என் ஷட்டருக்கு அடியில் தலையை விட்டான். "அண்ணே, உள்ள இருக்கீங்கன்னு தெரியும். வெளிய வாங்க."

வெளியே வந்தேன். இரண்டு ஊர் சனமும் என்னைப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நேராக இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அதுதான் எனக்குத் தோதான இடம். பம்ப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூவில், யாரும் தொடக் கூடாதென்று போடும் ஈயச் சீல் இல்லை. யாரோ கம்பியை அறுத்திருந்தார்கள்.

"யாரு தொட்டது?"

செல்வத்தின் பெண்டாட்டி தம்பி முருகையன் முன்னால் வந்தான். லாரிக்கு கிளீனரும் அவன்தான். "கரும்பு லோடு மேட்டுல ஏறலண்ணே. அதான் கொஞ்சம் திருப்பினேன்."

"எத்தனை சுத்து?"

"ஒரு சுத்து."

செல்வம் அவனைப் பார்த்தான்.

"ஒன்னரை இருக்கும் மாமா."

"மச்சான்…"

"அம்மன் சத்தியமா ரெண்டுக்கு மேல இல்ல மாமா!"

சரியாக அந்த நேரம் மேளம் நின்றிருந்தது. அவன் சத்தியம் தெருக்கோடி வரை கேட்டது. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மீதியையும் சொல்லிவிட்டான். பம்ப்பின் தலையில் ஒரு இடத்தில் டீசல் கசிந்ததாம். ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி, தொங்கி இறுக்கினானாம்.

இப்போது எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது. ஒருவர் புகைக்குழாயில் ஈரச் சாக்கைக் கட்டச் சொன்னார். ஒருவர் குழாயை நீட்டி வானத்தைப் பார்க்க வைக்கச் சொன்னார். "அப்போ எங்க பெருமாளுக்கு பதிலா ஆகாசத்துல இருக்கற பெருமாளுக்கு அடிக்கும்" என்றார் பின்னூர்ப் பெரியவர், பெருமாளோடு பின்னால் வந்த ஊர்க்காரர். முருகையன், "நான் திருப்பின மாதிரியே நீங்க பின்னாடி திருப்பிடுங்கண்ணே. அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

அந்த ஐந்து நிமிஷ வேலைக்கு என் கை நீண்டது உண்மை. காதால் கேட்டே ஒரு குத்துமதிப்புக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எவ்வளவு திருப்பினோம் என்று திருப்பினவனுக்கே தெரியாத ஸ்குரூ அது. குறைத்து வைத்தால் வழியில் உள்ள பாலத்தில் நின்று பின்னால் உருளும். அதைவிட மோசம், அந்தப் பைப் போட்டு இறுக்கிய விஷயம். அளவுக்கு மேல் இறுக்கினால் பம்ப்புக்குள் உள்ளவை நெளியும். டீசலைக் கூட்டிக் குறைக்கும் பல் கம்பி, ராக் என்போமே, அது எங்காவது சிக்கும். சிக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இஞ்சின் வேகம் இறங்காது, கத்திக்கொண்டே ஏறும். சுற்றிலும் தலைகள். சிறுபிள்ளைகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். காலி மைதானத்தில் குத்துமதிப்பு செய்யலாம். தப்பினால் நமக்கு மட்டும்தான். கூட்டத்துக்கு நடுவில் செய்யக் கூடாது. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

"பம்ப்பைக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தணும்" என்றேன். பம்ப்பைத் தனியாக ஓட்டி அளக்கும் அந்த பெஞ்ச் என் பட்டறையில் இல்லை; கடலூரில் அது உள்ள பட்டறைகள் எல்லாம் அன்று விடுமுறை. சிதம்பரத்தில் நான் நம்பும் ஒரு பாய் இருக்கிறார். அங்கேதான் போக வேண்டும்.

"அப்போ வண்டி?" என்றான் செல்வம். "அம்மன் இங்கயே நிக்கிறதா?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. சத்தமாகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அவன் காதில் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அப்புறம் லாரி பானெட் மேல் ஏறி நின்று கத்தினான்.

"கரும்பு கட்டுற கயிறு உள்ள கெடக்குது. தேர் மாதிரி இழுத்துக்கிட்டுப் போலாமா?"

போட்டார்கள் பாருங்கள் ஒரு கூச்சல்! தேரே இல்லாத ஊருக்கு நடுரோட்டில் தேர் கிடைத்துவிட்டது. நான் பம்ப்பைக் கழற்றி முடிப்பதற்குள் வடம் கட்டி, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்தும் நின்றுவிட்டார்கள். மேளக்காரர் என் ஸ்பானர் சுற்றும் வேகத்துக்கே அடித்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அந்த வேலையை அவ்வளவு வேகமாக நான் வேறெப்போதும் செய்ததில்லை.

கிளம்பும்முன் செல்வத்தைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சின் ஓடலன்னா காத்து இல்ல. காத்து இல்லன்னா பிரேக் இல்ல. முன்னாடி இழுக்க ஒரு கயிறு போதாது. பின்னாடி புடிச்சு நிறுத்தவும் ஒரு கயிறு வேணும். சக்கரத்துக்குக் கட்டை போட ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

பின்கயிற்றைப் பிடிக்க யாரும் வரவில்லை. எல்லோருக்கும் இழுக்கத்தான் ஆசை. கடைசியில் பின்னூர்ப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "உருண்டா எங்க பெருமாள் மேலதான் உருளும். குடுய்யா கயித்தை. நாங்க புடிக்கிறோம்."

பம்ப்பின் துளைகளை எல்லாம் அடைத்துச் சாக்கில் சுற்றினேன். அம்மன் வண்டியிலிருந்து எடுத்த பொருள் சாக்கில் போகக் கூடாது என்று ஒரு அம்மா தடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, அம்மன் கழுத்தில் கிடந்த மாலையில் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். முருகையன் அதைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டான். சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் எங்களைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்து சீட்டு அம்மா மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்த ஊரு சாமிங்க?"

பம்ப் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"நெல்லிக்குப்பம் பக்கம்" என்றான் முருகையன், பொய் இல்லாமல்.

"டீசல் வாசனை வருதே?"

இதற்கு அவனும் விழித்தான். பின்சீட்டிலிருந்து ஒரு தாத்தா எங்களைக் காப்பாற்றினார். "எண்ணெய்க் காப்பு சாத்தியிருப்பாங்கம்மா. பேசாம கும்பிடு."

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பம்ப்புக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம் சேர்ந்துவிட்டது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. முருகையன் என் காதில், "அண்ணே, பழத்தைச் சாப்பிடலாமா?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சிதம்பரத்தில் பாய் மஞ்சள் துணியைப் பிரித்தார். குங்குமத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னப்பா, பம்ப்புக்குக் காதுகுத்தா?"

விஷயத்தைச் சொன்னதும் வேறு வேலையை ஓரம் வைத்துவிட்டு பம்ப்பை பெஞ்சில் ஏற்றினார். ஆறு குழாயிலும் ஒரே அளவு டீசல் விழ வேண்டும். விழுந்தது ஆறு விதம். அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார். செல்வத்தின் போன் வந்தது. பின்னால் மேளமும் கூச்சலும்.

"அண்ணே, முடிஞ்சுதா?"

"இப்பத்தான் ஏத்தியிருக்கு. எங்க இருக்கீங்க?"

"பாலத்துல ஏறுறோம்!"

"அதுக்குள்ளயா? மெதுவா இழுக்கச் சொல்லு!"

"யாரு கேக்கறா? குஷி ஜாஸ்தியாயிடுச்சு! முன்னாடி போன சாமிங்க ரெண்டை ஓவர்டேக் பண்ணிட்டோம்!"

அடுத்த போனில் பாலம் இறங்கியிருந்தார்கள். பின்னூர்க்காரர்கள் வடத்தில் தொங்கிக்கொண்டு, தார் ரோட்டில் செருப்பு தேயத் தேயப் பிடித்தார்களாம். அதற்கடுத்த போனில் கடல் தெரிகிறது என்றான்.

பாய் ஆறு குழாயையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்சம் கடைசிச் சோதனை ஒன்றுதான். முழு வேகத்தில் ஓட்டி, லீவரை விட்டதும் பம்ப் டீசலை உடனே நிறுத்துகிறதா என்று பார்ப்பது. அதற்கு பம்ப் நன்றாகச் சூடேற வேண்டும். காத்திருக்க வேண்டும்.

"அளவுதான் சரியாயிடுச்சே பாய்! அங்க அம்மன் தண்ணியில எறங்கப் போறா. கடைசி ஒண்ணுதானே, விட்டுடலாம்" என்றான் முருகையன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பாய் பெஞ்ச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் வேலை. நீ சொல்லு. விட்டுடவா?"

செல்வத்தின் முகம் கண் முன் வந்தது. பெயின்ட் அடித்த லாரி வந்தது. டிராக்டரின் வாழைமரமும் வந்தது. அப்புறம், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தின்ற பிள்ளைகள் வந்தார்கள்.

"முழுசா பாருங்க பாய்!" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பம்ப் சூடேறியது. பாய் முழு வேகம் ஏற்றி லீவரை விட்டார். டீசல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஆறு குழாயும் ஊற்றிக்கொண்டே இருந்தன. பாய் கையால் தட்டிய பிறகுதான் ராக் விடுபட்டு, டக்கென்று நின்றது.

முருகையன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். பைப் போட்டு இறுக்கிய இடம்தான். குளிர்ந்திருக்கும்போது சுகமாக நகர்ந்த ராக், சூடானதும் முழு வேகத்தில் அங்கே சிக்கியது. கடற்கரையில், அந்தச் சனத்துக்கு நடுவில், அம்மனை வைத்துக்கொண்டு லாரி கத்தியிருக்கும், செல்வம் காலை எடுத்திருப்பான், அது இறங்கியிருக்காது.

பாய் அந்தத் தலையைத் தளர்த்தி, அளவு காட்டும் ஸ்பானரால் மறுபடி இறுக்கினார். மறுபடி சூடேற்றினார். திரும்பத் திரும்ப முழு வேகம் ஏற்றி விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சட்டென்று நின்றது. புது ஈயச் சீல் போட்டு, மிச்சக் கம்பியை வெட்டிவிட்டு, "இன்ஷா அல்லாஹ், இனிமே புகை வராது. ஓடு" என்றார். மாலையை அவரே திரும்பப் போட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது கடற்கரைச் சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் எப்படி விளக்குவது என்று நான் தயங்கி நின்றேன். முருகையன் தயங்கவில்லை. பம்ப்பைத் தலைமேல் தூக்கி, "ஓம் சக்தி!" என்றான்.

"வழி விடுங்க, வழி விடுங்க! சாமி வருது!" போலீஸ்காரரே கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

லாரி மணல் ஓரம் நின்றது. மற்ற சாமிகளுக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்த அம்மன், அப்போதுதான் ஆட்களின் தோளில் ஏறிக் கடலுக்குப் போயிருந்தாள். தண்டபாணி டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து, மணலைத் தொட்டு நிறுத்தியிருந்தார். நான் இஞ்சினுக்குள் தலையை விட்டேன்.

இங்கேயும் ஒரு குறுக்கு வழி இருந்தது. பம்ப்பை மாட்டி, தோராயமாகத் திருப்பி வைத்து, போல்ட்டை முறுக்கினால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் பம்ப்பின் குறியும் இஞ்சினின் குறியும் ஒன்றாகச் சேராமல் போல்ட்டை முறுக்கினால், சிதம்பரம் போய் வந்ததே வீண். குறியைச் சேர்த்தேன். குழாய்களில் காற்றை வெளியேற்றினேன். நேரம் ஓடியது.

அம்மன் முழுக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். ஆனால் தூக்கிப்போன பையன்கள் எல்லாம் செல்வத்தின் கூட்டாளிகள். கரையில் நின்று பூசாரி கத்துவது கேட்டது.

"போதும்டா! கரையேறுங்கடா!"

"இன்னும் ஒரே ஒரு முழுக்கு சாமி!"

"இதையேதான்டா சொல்லிக்கிட்டே இருக்கீங்க! அம்மனுக்குச் சளி புடிச்சிடும்டா!"

கடைசி நட்டை இறுக்கிவிட்டுக் கையைக் காட்டினேன். செல்வம் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இருமியது. ஒரு வெள்ளைப் புகை குபுக்கென்று வந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார் தண்டபாணி.

அது காற்றும் ஈரமும்தான். அடுத்த கணம் இஞ்சின் பிடித்தது. புகைக்குழாயின் வாயில் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. "முழுசா ஏத்து!" என்றேன். ஏற்றினான். "விடு!" விட்டான். சொன்ன சொல் கேட்ட பிள்ளையைப்போல இறங்கியது.

பின்னூர்ப் பெரியவர் நம்பவில்லை. குளித்துவிட்டுப் போட்டிருந்த புது வெள்ளைத் துண்டை எடுத்து, புகைக்குழாய்க்கு நேராகப் பிடித்தார். "இப்ப ஏத்துப்பா." செல்வம் ஏற்றினான். துண்டு கொடிபோலப் பறந்தது. பெரியவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அப்புறம் அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க பெருமாள் இதுக்குப் பின்னாடியே வருவாரு" என்றார்.

அம்மன் கரையேறி, சொட்டச் சொட்ட லாரியில் அமர்ந்தாள். தண்டபாணி கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே பார்த்தார். பிறகு, டிராக்டரில் கட்டியிருந்த வாழைமரத்தை அவரே அவிழ்த்து வந்து லாரியில் கட்டினார். "வாடிப் போறதுக்கு இங்கயாவது இருக்கட்டும்டா" என்றார்.

பூசாரி எனக்குத் தலையில் பரிவட்டம் கட்ட வந்தார். கூட்டம் கைதட்டியது. நான் "ஒரு போல்ட் பாக்கணும்" என்று லாரிக்கு அடியில் புகுந்துகொண்டேன். எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் பானெட்டைத் திறந்து பம்ப்புக்கே கட்டிவிட்டார்கள். சூட்டில் பட்டு கருகும் என்பதால், அவர்கள் போனதும் முருகையன்தான் அவிழ்த்து மடித்து வைத்தான்.

அன்று முதல் அம்மன் செல்வத்தின் லாரியில்தான் போகிறாள். ஆனால் அன்று திரும்பும் வழியில் பாலத்து மேட்டில் லாரி தானாகவே சுகமாக ஏறியபோது, வடம் இழுத்தவர்களின் முகம் தொங்கிப்போனது. அதனால் இப்போதும் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் முன்னால் செல்வம் எனக்கு போன் செய்கிறான்.

"அண்ணே, ஊர்க் கூட்டத்துல கேக்கச் சொன்னாங்க. இந்த வருஷமும் பம்ப்பைக் கழட்டிக் குடுக்க முடியுமா? இழுத்துக்கிட்டுப் போனாதான் குஷியா இருக்காம்."

"சீல் போட்ட பம்ப்பைக் கழட்டக் கூடாது" என்கிறேன்.

"அதைத்தான் நானும் சொன்னேண்ணே. பின்னூர்க்காரங்களும் கேக்கறாங்க. அவுங்க வண்டி பம்ப்பையாவது கழட்டிடலாமாம்."